புது சர்வரில் எஸ்எஸ்ஹெச்: வழக்கமாகச் சறுக்கும் இடங்கள்

தொலைவிலிருந்து சர்வருக்குள் நுழைந்து வேலை பார்க்கும் வழிதான் எஸ்எஸ்ஹெச். பொது ஐபி முகவரியோடு ஒரு சர்வரை ஏற்றிவிட்டு, கொஞ்ச நேரம் கழித்து லாகைத் (நடந்ததெல்லாம் பதிவாகும் ஃபைலை) திறந்து பாருங்கள். ரூட் (சர்வரில் எல்லா உரிமையும் உள்ள யூசர்), அட்மின், டெஸ்ட் என்று வாய்க்கு வந்த பெயரிலெல்லாம் எவையோ நுழையப் பார்த்திருக்கும். எல்லாம் பாட் (தானாக ஓடும் புரோகிராம்) வேலை. இதைக் கண்டதும் பலர் முதலில் கைவைப்பது எஸ்எஸ்ஹெச் வழக்கமாகக் காத்திருக்கும் 22ஆம் போர்ட்டில்தான். போர்ட்டை மாற்றினால் லாகில் இரைச்சல் குறையும், அவ்வளவுதான். பாஸ்வேர்ட் வழி திறந்தே கிடக்கும்.

எஸ்எஸ்ஹெச்சுக்குப் பரவலாகப் பயன்படும் மென்பொருளான ஓபன்எஸ்எஸ்ஹெச்சில் 2015இல் வந்த 7.0 பதிப்பு முதல், டிஃபால்ட்டாக ரூட் பாஸ்வேர்ட் போட்டு உள்ளே வர முடியாது. அதை நம்பி அப்படியே விட்டுவிடுகிறோம். மற்ற யூசர்களுக்கு பாஸ்வேர்ட் லாகின் இன்னும் 'யெஸ்'தான். சூடோ உரிமை (ரூட்டாகக் கட்டளை ஓட்டும் உரிமை) உள்ள ஒருவருடைய பாஸ்வேர்ட் லேசாக இருந்தால் ரூட்டைப் பூட்டி என்ன பயன்?

சரி, பாஸ்வேர்ட் வழியை அடைக்க எஸ்எஸ்ஹெச் கான்ஃபிக் (அமைப்பு) ஃபைலின் கடைசியில் 'பாஸ்வேர்ட் ஆதென்டிகேஷன் நோ' என்று எழுதியாயிற்று. நானும் ஒருமுறை அப்படி எழுதிவிட்டுப் போய், கீ (பாஸ்வேர்டுக்குப் பதில் நம்மை அடையாளம் காட்டும் ஃபைல்) இல்லாத லேப்டாப்பிலிருந்து தட்டிப் பார்த்தேன். சாவகாசமாக பாஸ்வேர்ட் கேட்டது! ஒரே அமைப்பு இரண்டு இடத்தில் இருந்தால் முதலில் படித்ததைத்தான் எஸ்எஸ்ஹெச்டி (சர்வரில் ஓடும் எஸ்எஸ்ஹெச் புரோகிராம்) எடுத்துக்கொள்ளும். பின்னால் வருவது செல்லாது. உபுண்டுவில் மெயின் ஃபைலின் தொடக்கத்திலேயே 'இன்க்ளூட்' வரி இருக்கிறது. அது இழுத்து வந்த ஃபைல்களில் 50 என்று தொடங்கும் பெயரோடு கிளவுட்-இனிட் (சர்வரை முதல்முறை அமைத்துத் தரும் கருவி) எழுதி வைத்த ஒன்றில் 'யெஸ்' உட்கார்ந்திருந்தது. ஃபைல்கள் பெயர் வரிசையில் படிக்கப்படுவதால், அதே ஃபோல்டரில் 00 என்று தொடங்கும் ஃபைலில் நம் வரியைப் போட்டால் அதுவே முந்திக்கொள்ளும். அப்புறம், எஸ்எஸ்ஹெச்டி கட்டளையை ரூட்டாக, கேப்பிடல் 'டி' (-T) ஆப்ஷனோடு ஓட்டுங்கள். எல்லா ஃபைலையும் படித்து முடித்து எந்த மதிப்பை எடுத்துக்கொள்கிறது என்று அதுவே சொல்லிவிடும். இந்த ஒரு பழக்கம் போதும், பாதித் தவறு குறையும்.

மறுபக்கம், நம்மையே வெளியே தள்ளிப் பூட்டிக்கொள்வது. ஃபயர்வாலில் எஸ்எஸ்ஹெச்சை அனுமதிக்காமலேயே அதை ஆன் செய்வது இதில் பிரபலம். அதே எஸ்எஸ்ஹெச்டி கட்டளையின் சின்ன 'டி' (-t) ஆப்ஷன் கான்ஃபிக்கில் எழுத்துப்பிழை இருந்தால் காட்டும். ரீஸ்டார்ட்டுக்கு முன் அதை ஓட்டுங்கள். ரீஸ்டார்ட் செய்தாலும் ஏற்கெனவே இருக்கும் செஷன் அறுந்துபோகாது. எனவே அந்த ஜன்னலை மூடாமல், இன்னொரு ஜன்னலில் கீ வைத்து உள்ளே வர முடிகிறதா என்று பாருங்கள். வந்த பிறகு பழையதை மூடலாம்.