பழைய கைபேசியைக் கைமாற்றுவதற்கு முன்

பழைய கைபேசியை விற்கவோ பிறருக்குக் கொடுக்கவோ முடிவெடுத்ததும் பலர் உடனே 'ஃபேக்டரி ரீசெட்' (எல்லாவற்றையும் அழித்துப் புதிதுபோல் ஆக்குதல்) செய்துவிடுகிறார்கள். அதற்கு முன், அதில் பதிவாகியுள்ள கூகுள் அல்லது ஆப்பிள் கணக்கிலிருந்து முறைப்படி வெளியேறிவிடுங்கள். ஐபோனில் 2013-இல் வந்த ஐஓஎஸ் 7 முதலும், ஆண்ட்ராய்டில் 2015-இல் வந்த 5.1 பதிப்பு முதலும் திருட்டைத் தடுப்பதற்கான பூட்டு ஒன்று உள்ளது. கணக்கை நீக்காமல், பொத்தான்களை அழுத்திப் பிடித்து ரெக்கவரி முறையில் (அமைப்புகளுக்குள் செல்லாமல் அழிக்கும் வழி) அழித்தால், அடுத்தவர் கைபேசியை இயக்கும்போது "முன்பு பயன்படுத்திய கணக்கைச் சரிபார்க்கவும்" என்ற திரை தோன்றி, உங்கள் கடவுச்சொல் இல்லாமல் நகர மறுக்கும். நேர்மையாகப் பணம் கொடுத்து வாங்கியவருக்கு இது பெரும் அலைச்சல்.

இதைவிட முக்கியமானது, என் கருத்தில், இரண்டடுக்குச் சரிபார்ப்புக்கான ஆத்தென்டிகேட்டர் செயலி, அதாவது உள்நுழையும்போது கடவுச்சொல்லோடு கூடுதலாகக் கேட்கப்படும் குறியீட்டைத் தரும் செயலி. புகைப்படங்களைப் பத்திரப்படுத்த நினைவிருக்கும் நமக்கு இது எளிதில் மறந்துபோகும். அந்தச் செயலியின் குறியீடுகளைப் புதிய கைபேசிக்கு மாற்றி, அவற்றைக் கொண்டு ஒருமுறை உள்நுழைந்து பார்த்த பிறகே பழையதை அழியுங்கள். சில செயலிகளில் குறியீடுகள் அந்தக் கைபேசியில் மட்டுமே சேமிக்கப்பட்டிருக்கும் என்பதால், அழித்த பின் மீட்க வழியில்லாமல் போகலாம்.

சிம், மெமரி கார்டு இரண்டையும் கழற்றிவிடுங்கள்.