நிறுத்திய சந்தாவுக்கும் காசு எடுத்தால் என்ன செய்வது

வெள்ளவத்தையில் இருக்கிற என் மாமி, பேரனுக்கு ஆங்கிலம் பழக்க ஒரு செயலியில் ஏழு நாள் இலவசம் என்று பார்த்து அட்டை இலக்கத்தைக் கொடுத்திருக்கிறார். மூன்றாம் நாளே பிடிக்காமல் போனில் இருந்து அழித்தும் விட்டார். ஆனால் அடுத்த இரண்டு மாதமும் வங்கியில் இருந்து எஸ்எம்எஸ் வந்தது, டொலரில். "அழிச்சிட்டேனே தம்பி, பிறகும் எப்படிக் காசு எடுக்கிறாங்கள்?" என்று கேட்டார். இதே கேள்வியை வேறு பலரும் என்னிடம் கேட்டிருப்பதால், செய்யவேண்டியதை இங்கே எழுதி வைக்கிறேன்.

முதலில் ஒன்று. செயலியை அழிப்பதும் சந்தாவை நிறுத்துவதும் வேறு வேறு. கூகுள் பிளே வழியாக எடுத்திருந்தால் பிளே ஸ்டோரின் சந்தாப் பக்கத்திலும், ஐபோன் என்றால் அமைப்புகளில் உங்கள் பெயருக்குக் கீழே இருக்கும் சந்தாக்களிலும் போய்த்தான் நிறுத்தவேண்டும். ஐபோனில் இலவசக் காலம் முடிய குறைந்தது 24 மணிநேரம் முன்னதாகவே நிறுத்தவேண்டும், கடைசி இரவு வரை விட்டால் காசு போய்விடும். நேரடியாக ஒரு தளத்தில் அட்டை கொடுத்திருந்தால் அந்தத் தளத்துக்குள்ளேயே போய் நிறுத்தி, நிறுத்தியதாகக் காட்டும் திரையையும் வந்த மின்னஞ்சலையும் ஸ்கிரீன்ஷொட் எடுத்து வையுங்கள். திகதி தெரியவேண்டும். பிறகு எங்கே முறையிடப் போனாலும் முதலில் கேட்பது இதைத்தான்.

அட்டையை மாற்றினால் சரியாகிவிடும் என்று நம்பியிருக்காதீர்கள். புதிய அட்டை இலக்கத்தைச் சந்தா எடுக்கும் நிறுவனத்துக்குத் தானாகவே கொண்டுபோய்ச் சேர்க்கிற ஏற்பாடு விசாவிலும் மாஸ்டர்கார்டிலும் உண்டு, உங்கள் வங்கி அதில் சேர்ந்திருந்தால் சந்தாவும் பின்னாலேயே வரும்.

நிறுத்திய பிறகும் காசு போனால் நேரே வங்கிக்குப் போங்கள். பலர் இங்கேதான் பிழை விடுகிறார்கள். கோபத்தில் "இது நான் செய்த கொடுக்கல் வாங்கலே இல்லை" என்று எழுதிக் கொடுத்துவிடுகிறார்கள். வங்கி தன் பதிவைப் பார்த்தால், முதல் தடவை அட்டையைக் கொடுத்தபோது உங்கள் போனுக்கு வந்த ஓடிபி அங்கே இருக்கும், முறைப்பாடு அதோடு விழுந்துவிடும். நடந்ததை நடந்தபடியே எழுதுங்கள்: "இந்தச் சந்தாவை இன்ன திகதியில் நிறுத்தினேன், அதற்குப் பிறகு இன்ன திகதிகளில் இவ்வளவு எடுத்திருக்கிறார்கள், இந்தத் தொகைகளை மறுத்து முறையிடுகிறேன், ஆதாரம் இணைத்திருக்கிறேன்." நிறுத்திய சந்தாவுக்குக் காசு எடுத்தால் அதைத் திருப்பிக் கேட்பதற்கென்றே அட்டை வலையமைப்புகளில் தனி வகை இருக்கிறது. கடனட்டை, டெபிட் அட்டை இரண்டுக்கும் அது பொருந்தும். பொதுவாக 120 நாள் அவகாசம். ஆனால் வங்கிகள் தங்கள் நிபந்தனைகளில் அதைவிடக் குறைந்த நாட்களைப் போட்டிருக்கலாம், ஆகவே எஸ்எம்எஸ் வந்த கிழமையிலேயே போய்விடுங்கள்.

மாமியைப் போல நிறுத்தவே இல்லை என்றால்? அப்போதும் கையை விரிக்கவேண்டாம். விசா 2020 ஏப்ரலில் கொண்டுவந்த விதிப்படி, இலவசக் காலம் முடிந்து காசு எடுக்கக் குறைந்தது 7 நாள் முன்னதாக மின்னஞ்சலிலோ எஸ்எம்எஸ்ஸிலோ நினைவூட்டி, நிறுத்தும் வழியையும் அதிலேயே தரவேண்டும். ஏழே நாள் இலவசம் என்றால் சேர்ந்த நாளிலேயே அது வந்திருக்கவேண்டும். மாமிக்கு அப்படி எதுவும் வரவில்லை. உங்களுக்கும் வரவில்லை என்றால் அதைக் கடிதத்தில் கட்டாயம் எழுதுங்கள்.

வங்கி இழுத்தடித்தால் அடுத்தது இலங்கை மத்திய வங்கி. 2023ஆம் ஆண்டின் 1ஆம் இலக்க நிதியியல் நுகர்வோர் பாதுகாப்பு ஒழுங்குவிதிகள் வந்த பிறகு, முறைப்பாட்டை ஏற்று முறையாகக் கையாளவேண்டியது வங்கியின் கடமை. வங்கியிடம் எழுத்தில் கொடுத்தும் சரியான பதில் இல்லை என்றால், மத்திய வங்கியின் நிதியியல் நுகர்வோர் உறவுகள் திணைக்களத்தை 1935இல் அழையுங்கள். வங்கிக்குக் கொடுத்த கடிதத்தின் பிரதி இல்லாமல் அங்கே போகாதீர்கள்.

காசு எடுத்தது இலங்கை நிறுவனம் என்றால் இன்னொரு வழியும் உண்டு: கொழும்பு 2, வொக்ஷோல் வீதியில் உள்ள நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபை, தொலைபேசி 1977. அந்தச் சபையை உருவாக்கிய 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டத்தில் தானாகப் புதுப்பிக்கும் சந்தா பற்றித் தனிப் பிரிவு எதுவும் இல்லை. ஆனால் 30ஆம் பிரிவு நுகர்வோரைத் தவறாக வழிநடத்தும் எந்த நடத்தையையும் தடுக்கிறது. இலவசம் என்று பெரிதாகப் போட்டுவிட்டு மாதக் கட்டணத்தைக் கண்ணில் படாத மூலையில் ஒளிப்பது இதற்குள் வரும் என்றே நான் வாதாடுவேன். முறைப்பாடு எழுத்தில், சேவை கிடைத்து மூன்று மாதத்துக்குள் போகவேண்டும். வெளிநாட்டு நிறுவனத்தின் மீது இங்கே முறையிட்டு அலைவதைவிட வங்கி வழியே விரைவு.

இந்தியாவில் ரிசர்வ் வங்கி 2021 ஒக்டோபரில் இருந்து, தொடர் கட்டணம் எடுக்க 24 மணிநேரம் முன்னதாக அறிவித்தல் போகவேண்டும் என்று ஆக்கிவிட்டது. நமக்கும் அப்படி ஒன்று வேண்டும், ஓய்வூதியத்தில் வாழ்கிறவர்களுக்கு மூவாயிரம் ரூபாய் சின்னக் காசு இல்லை.

அப்புறம், அரச அலுவலகத்துக்குத் தமிழில் எழுதுவது அரசியலமைப்பு தந்த உரிமை. ஆங்கிலத்தில் எழுதத் தெரியாதே என்று முறைப்பாட்டைத் தள்ளிப்போடாதீர்கள். எழுதிக் கொண்டுபோய், பிரதியில் திகதி முத்திரை வாங்கிக்கொண்டு வாருங்கள்.