ஹாட்ஸ்பாட்டில் இணைந்த பிறகும் மடிக்கணினியில் இணையம் வராவிட்டால்

போனின் ஹாட்ஸ்பாட்டில் மடிக்கணினி இணைந்துவிட்டது, வைஃபை குறியும் முழு வலுவோடு தெரிகிறது, ஆனால் எந்தத் தளமும் திறக்கவில்லை. இந்த நிலையில் பலரும் முதலில் ஹாட்ஸ்பாட்டின் கடவுச்சொல்லை மாற்றுகிறார்கள். அதுவும் பலிக்காவிட்டால் மடிக்கணினியின் நெட்வொர்க் அமைப்புகள் அனைத்தையும் அழித்துவிடுகிறார்கள். கடவுச்சொல் தவறாக இருந்தால் இணைப்பே கிடைத்திருக்காது என்பதால் முதல் வேலை வீண். இரண்டாவது வேலையோ, பழுது போனில் இருந்தால் எந்தப் பயனும் தராமல் புதுச் சிக்கல்களை மட்டும் கொண்டுவரும். வைஃபை குறி காட்டுவது போனுக்கும் மடிக்கணினிக்கும் இடையே உள்ள சில அடி தூரத்தின் நிலையை மட்டுமே. செல்கோபுரத்திலிருந்து போன்வரை என்ன நடக்கிறது என்று அதற்குத் தெரியாது. வீட்டுக் குழாயில் பழுதில்லை என்பதால் மேல்நிலைத் தொட்டியில் தண்ணீர் இருக்கிறது என்று ஆகிவிடாது. எனவே எந்த அமைப்பையும் தொடுவதற்கு முன், பழுது எந்தப் பக்கத்தில் இருக்கிறது என்று பிரித்தறிவதே முறை.

கீழே உள்ள வழிமுறைகள் விண்டோஸ் 11 மடிக்கணினியையும், இந்திய நிறுவனமொன்றின் சிம் போட்ட ஆண்ட்ராய்டு போனையும் மனத்தில் கொண்டு எழுதப்பட்டவை. ஐபோனில் வேறுபடும் இடங்கள் ஆங்காங்கே சொல்லப்பட்டுள்ளன.

பழுது எந்தப் பக்கம்?

முதலில் போனின் வைஃபையை அணைத்துவிட்டு, மொபைல் டேட்டாவை மட்டும் வைத்துக்கொண்டு, அண்மையில் திறந்திராத ஒரு தளத்தைப் போனிலேயே திறந்து பாருங்கள். ‘போனில் இணையம் வருகிறதே’ என்று உறுதியாகச் சொல்பவர்களில் சிலருக்கு அது வீட்டு வைஃபை வழியாக வந்துகொண்டிருக்கும். மொபைல் டேட்டா அணைந்திருப்பதையோ, அதன் திட்டம் முடிந்துவிட்டதையோ அவர்கள் கவனித்திருக்க மாட்டார்கள். ஐபோன் ஹாட்ஸ்பாட் வழியாகப் பகிர்வது மொபைல் டேட்டாவை மட்டுமே. பல ஆண்ட்ராய்டு போன்களும் ஹாட்ஸ்பாட் தொடங்கியவுடன் வைஃபையைத் தாமாகவே துண்டித்துவிடும். பழைய பக்கங்கள் போனின் நினைவகத்திலிருந்தே திறக்கக்கூடும் என்பதால்தான் புதிய தளத்தைத் திறக்கச் சொல்கிறேன்.

போனில் தளம் திறந்தால், வீட்டிலோ அலுவலகத்திலோ உள்ள இன்னொரு போனை அதே ஹாட்ஸ்பாட்டில் இணைத்துப் பாருங்கள். அதன் மொபைல் டேட்டாவை அணைத்து வைப்பது அவசியம். இல்லாவிட்டால் அது தன் சொந்த டேட்டாவிலேயே தளத்தைத் திறந்து நம்மை ஏமாற்றிவிடும். இரண்டாவது போனிலும் இணையம் வராவிட்டால் கோளாறு ஹாட்ஸ்பாட் தரும் போனிலோ சிம்மிலோ இருக்கிறது. அதில் வந்து மடிக்கணினியில் மட்டும் வராவிட்டால் கோளாறு மடிக்கணினியில் இருக்கிறது. இந்த ஒரு சோதனையைச் செய்துவிட்டால் பாதி வேலை முடிந்தது என்றே கொள்ளலாம்.

இன்னொரு போன் கைவசம் இல்லையென்றால், சார்ஜ் போடும் யுஎஸ்பி கேபிளால் போனை மடிக்கணினியில் செருகி, ஹாட்ஸ்பாட் பக்கத்துக்கு அருகிலேயே இருக்கும் யுஎஸ்பி டெதரிங் (கேபிள் வழியாக இணையத்தைப் பகிர்வது) என்பதை இயக்குங்கள். சில மலிவான கேபிள்கள் சார்ஜ் மட்டுமே ஏற்றும், தரவைக் கடத்தாது; அப்படிப்பட்ட கேபிளைச் செருகினால் டெதரிங் பொத்தான் மங்கலாகவே கிடக்கும். கேபிள் வழியாக இணையம் வந்துவிட்டால், மடிக்கணினியின் வைஃபை அமைப்புகளில்தான் குறை இருக்கிறது என்று பெரும்பாலும் முடிவு செய்யலாம். அவசர வேலை காத்திருக்கிறது என்றால் கேபிளிலேயே அதை முடித்துவிட்டு, மீதிச் சோதனைகளைப் பிறகு செய்யலாம்.

போன் பக்கத்தில் பழுது என்றால்

நம் நாட்டில் முதலில் சந்தேகிக்க வேண்டியது அன்றைய டேட்டா அளவு. நாளொன்றுக்கு 1.5 ஜிபி, 2 ஜிபி என்று வரும் திட்டங்களில் அந்த அளவு தீர்ந்ததும் இணைப்பு நின்றுவிடுவதில்லை. வேகம் பெரும்பாலும் 64 கேபிபிஎஸ் அளவுக்கு இறங்கிவிடுகிறது. அதாவது நொடிக்கு 8 கிலோபைட். 2 எம்பி கொண்ட ஒரு சாதாரணப் பக்கம் முழுதாக வருவதற்கு நான்கு நிமிடத்துக்கு மேல் ஆகும் என்பதால், உலாவி பொறுமையிழந்து பிழைச் செய்தியைக் காட்டிவிடும். போனில் வாட்ஸ்அப் குறுஞ்செய்திகள் மட்டும் தட்டுத்தடுமாறிப் போய்க்கொண்டிருப்பதால் ‘போனில் நெட் இருக்கிறது, லேப்டாப்பில்தான் இல்லை’ என்ற தவறான எண்ணம் எழுகிறது. நிறுவனத்தின் செயலியைத் திறந்து அன்றைய மீதியைப் பார்த்தால் விடை கிடைத்துவிடும். நள்ளிரவில் புதிய அளவு வரும். அதுவரை பொறுக்க முடியாதவர்கள் கூடுதல் டேட்டா பேக் போட்டுக்கொள்ளலாம். 5ஜி வரம்பற்றது என்று திட்டத்தில் இருந்தாலும், போன் 4ஜிக்கு இறங்கிய நேரங்களில் செலவாவது அன்றாட அளவுதான் என்பதையும் நினைவில் வையுங்கள்.

அளவு மீதி இருக்கிறதென்றால் போனின் அமைப்புகளுக்கு வருவோம். ஆண்ட்ராய்டில் டேட்டா சேவர் இயங்கும்போது ஹாட்ஸ்பாட் தடைபடும், அதை அணையுங்கள். சில போன்களில் ஹாட்ஸ்பாட் பக்கத்திலேயே ‘இவ்வளவு டேட்டா பகிர்ந்ததும் நிறுத்து’ என்ற வரம்பு இருக்கும். என்றோ வைத்து மறந்துபோன அந்த வரம்பை எட்டியிருக்கிறீர்களா என்று பாருங்கள். போனில், இணையப் போக்குவரத்தை வேறொரு சேவையகம் வழியாகத் திருப்பிவிடும் விபிஎன் செயலியோ, விபிஎன் போல இயங்கும் விளம்பரத் தடுப்புச் செயலியோ இருந்தால் அதை நிறுத்திவிட்டு ஹாட்ஸ்பாட்டை ஒருமுறை அணைத்துப் போடுங்கள். ஐபோனில் குறைந்த டேட்டா முறையை அணைத்துவிட்டு, பர்சனல் ஹாட்ஸ்பாட் பக்கத்தைத் திறந்து வைத்தபடியே மடிக்கணினியை இணைப்பது நல்லது.

இரண்டு சிம் போட்ட போன்களில் இன்னொரு விஷயம் உண்டு. ஹாட்ஸ்பாட் பகிர்வது டேட்டாவுக்கென்று தேர்ந்தெடுத்த சிம்மின் இணைப்பை மட்டுமே. மற்ற சிம்மில் அழைப்பு வந்து நீங்கள் பேசத் தொடங்கினால், பல போன்களில் பேச்சு முடியும்வரை டேட்டா நின்றுவிடும். ‘விட்டு விட்டு வருகிறது’ என்ற குறைக்கு இது காரணமாக இருக்கலாம். அழைப்பு நேரங்களோடு ஒப்பிட்டுப் பார்த்தால் தெரிந்துவிடும்.

இவை எதுவும் இல்லையென்றால் ஏபிஎன் அமைப்பைப் பார்க்க வேண்டும். செல்நிறுவனத்தின் வலைக்குள் நுழையும் வாயிலின் பெயர்தான் ஏபிஎன். ஜியோவுக்கு ஜியோநெட், பிஎஸ்என்எல்லுக்கு பிஎஸ்என்எல்நெட், ஏர்டெல்லுக்கு ஏர்டெல்ஜிபிஆர்எஸ் டாட் காம் என்பவை வழக்கமான பெயர்கள். இவற்றை ஆங்கிலச் சிற்றெழுத்தில் இடைவெளியின்றி எழுத வேண்டும். வெளிநாட்டிலிருந்து வாங்கி வந்த போன்களிலும், சிம்மை வேறு நிறுவனத்துக்கு மாற்றிய போன்களிலும் இந்த அமைப்பு பிசகியிருக்க வாய்ப்பு அதிகம். கையால் திருத்துவதைவிட, ஏபிஎன் பக்கத்தின் மூன்று புள்ளிப் பட்டியலில் உள்ள ‘இயல்புநிலைக்கு மீட்டமை’ என்பதைத் தேர்ந்தெடுப்பதே பாதுகாப்பானது. அப்படியும் போனில் மட்டும் இணையம் வந்து ஹாட்ஸ்பாட்டில் வரவில்லையென்றால், ஏபிஎன் வகை என்ற வரியைத் திறந்து, இருக்கும் சொற்களுக்குப் பின்னால் ஒரு காற்புள்ளியிட்டு டி, யு, என் என்ற மூன்று ஆங்கில எழுத்துகளைச் சேர்த்துச் சேமித்துப் பாருங்கள். பிற கருவிகளுக்குப் பகிரும் போக்குவரத்தும் இதே வாயிலில் செல்லலாம் என்று போனுக்குச் சொல்வது அந்தச் சொல்.

அதே பக்கத்தில் ஏபிஎன் நெறிமுறை என்ற வரியும் இருக்கும். அதில் இணைய முகவரி முறைகளான ஐபிவி4, ஐபிவி6 இரண்டும் சேர்ந்த தேர்வு இருக்க வேண்டும். கூகுளும் யூடியூபும் திறந்து, வங்கித் தளமோ அலுவலகத் தளமோ திறக்காமல் அடம்பிடித்தால் இந்த வரியைத்தான் முதலில் சந்தேகிக்க வேண்டும். பெரிய தளங்கள் புதிய முகவரி முறையான ஐபிவி6-இல் இயங்குகின்றன. பழைய தளங்கள் பலவும் இன்னும் ஐபிவி4-இல் மட்டுமே இருக்கின்றன. ஜியோ போன்ற வலைகள் ஐபிவி6-ஐ முதன்மையாகக் கொண்டவை என்பதால், பழைய தளங்களுக்கான போக்குவரத்தைப் போன்தான் இடையில் நின்று மாற்றித் தர வேண்டும்; அந்த மாற்றம் பிசகினால் பாதி இணையம் மட்டும் வரும். இதற்கு மாறாக, பழைய தளங்கள் திறந்து பெரிய தளங்கள் மட்டும் நெடுநேரம் சுழன்றால் குறை ஐபிவி6 பாதையில் இருக்கிறது. மடிக்கணினியின் வைஃபை அடாப்டர் பண்புகளில் ஐபிவி6-க்கு எதிரே உள்ள குறியைத் தற்காலிகமாக எடுத்துவிட்டு இதை உறுதிசெய்துகொள்ளலாம்.

மடிக்கணினி பக்கத்தில் பழுது என்றால்

விண்டோஸ் அமைப்புகளில் நெட்வொர்க் பிரிவுக்குள் சென்று, வைஃபை என்பதன் கீழ் உங்கள் ஹாட்ஸ்பாட்டின் பண்புகளைத் திறங்கள். அங்கே காணப்படும் ஐபிவி4 முகவரி நிறையச் சொல்லும். ஆண்ட்ராய்டு ஹாட்ஸ்பாட் என்றால் அது பெரும்பாலும் 192.168 என்று தொடங்கும். பழைய போன்களில் 192.168.43 என்றே இருக்கும். ஐபோன் என்றால் 172.20.10 என்று தொடங்கும். 169.254 என்று தொடங்கினால், போனிடமிருந்து முகவரி கிடைக்காமல் மடிக்கணினி தானாக ஒன்றைச் சூட்டிக்கொண்டது என்று பொருள். அப்போது ஹாட்ஸ்பாட்டையும் மடிக்கணினியின் வைஃபையையும் அணைத்து, முதலில் ஹாட்ஸ்பாட்டையும் பிறகு வைஃபையையும் இயக்குங்கள். தீராவிட்டால், சேமித்த வைஃபை பட்டியலில் அந்தப் பெயரை மறக்கச் செய்து புதிதாக இணையுங்கள்.

அதே பக்கத்தில் ‘ஐபி ஒதுக்கீடு’, ‘டிஎன்எஸ் ஒதுக்கீடு’ என்ற இரண்டு வரிகள் உண்டு. இரண்டும் தானியங்கி என்று இருக்க வேண்டும். கல்லூரி ஆய்வகத்திலோ அலுவலகத்திலோ யாரேனும் நிலையான எண்ணை உள்ளிட்டு வைத்திருந்தால், அந்த வலையில் ஒழுங்காக இயங்கும் மடிக்கணினி ஹாட்ஸ்பாட்டில் ஊமையாகிவிடும். குறிப்பாக, அலுவலகத்தின் உள் டிஎன்எஸ் எண் அப்படியே தங்கியிருப்பது அடிக்கடி நேர்வது. தளங்களின் பெயரை எண்ணாக மாற்றித்தரும் அந்தச் சேவையகம் ஹாட்ஸ்பாட்டிலிருந்து எட்டாத இடத்தில் இருப்பதால், இணைப்பு இருந்தும் எந்தப் பெயரும் திறக்காது.

இதைப் பிங் சோதனையால், அதாவது ஒரு முகவரிக்குச் சிறு செய்தி அனுப்பிப் பதில் வருகிறதா என்று பார்த்து, உறுதிப்படுத்தலாம். விண்டோஸ் பொத்தானோடு ஆர் எழுத்தை அழுத்தி, சி, எம், டி என்ற மூன்று எழுத்துகளைத் தட்டினால் கட்டளைச் சாளரம் திறக்கும். அதில் பிங் என்ற ஆங்கிலச் சொல்லை அடித்து, ஓர் இடைவெளி விட்டு 8.8.8.8 என்ற எண்ணைத் தாருங்கள். பதில் வந்து, ஆனால் எண்ணுக்குப் பதிலாகக் கூகுளின் தள முகவரியைத் தந்தால் ‘கண்டுபிடிக்க முடியவில்லை’ என்று வந்தால், பழுது டிஎன்எஸ்ஸில்தான். அதைத் தானியங்கிக்கு மாற்றுங்கள், அல்லது 8.8.8.8, 1.1.1.1 ஆகிய பொது டிஎன்எஸ் எண்களைத் தாருங்கள். இரண்டுக்கும் பதில் வந்து உலாவியில் மட்டும் ஒன்றும் திறக்காவிட்டால், நெட்வொர்க் பிரிவில் உள்ள பிராக்ஸி பக்கத்தைப் பாருங்கள். உலாவிக்கும் தளங்களுக்கும் இடையில் நின்று போக்குவரத்தைக் கடத்துவது பிராக்ஸி. அங்கே கையால் உள்ளிட்ட பிராக்ஸி சேவையகம் இயங்கிக்கொண்டிருந்தால் அணைத்துவிடுங்கள். எதற்குமே பதில் வராவிட்டால் மடிக்கணினியில் உள்ள விபிஎன்னையும், தனியாக நிறுவிய ஆன்டிவைரஸின் தீச்சுவரையும் (ஃபயர்வால்) நிறுத்திப் பாருங்கள். சில விபிஎன் மென்பொருள்கள், தம் இணைப்பு அறுந்தால் மொத்த இணையத்தையும் அடைத்துவிடும்படி அமைக்கப்பட்டிருக்கும். செயலியை மூடினாலும் அடைப்பு நீங்காது. அதன் அமைப்புகளுக்குள் சென்றுதான் அந்தத் தேர்வை நீக்க வேண்டும்.

அலுவலக விபிஎன் இணைந்தும் அதற்குள் உள்ள பக்கங்கள் மட்டும் பாதியில் நின்றுவிட்டால், தரவுப் பொட்டலத்தின் அளவு மொபைல் வலைக்குப் பெரிதாக இருக்கலாம். பொட்டலத்தின் உச்ச அளவான எம்டியுவை 1300 அளவுக்குக் குறைத்துத் தருமாறு ஐடி பிரிவைக் கேளுங்கள்.

மடிக்கணினியில் லேன் கேபிள் செருகியிருந்தால் கழற்றிவிடுங்கள். கேபிளில் இணையம் இல்லாவிட்டாலும் விண்டோஸ் வைஃபையை விட்டு அதையே முதல் பாதையாகத் தேர்ந்தெடுக்கலாம். தேதியும் நேரமும் சரியா என்றும் ஒரு பார்வை பாருங்கள். பழைய மடிக்கணினிகளில் மதர்போர்டு பேட்டரி தீர்ந்து ஆண்டு பின்னோக்கிப் போயிருந்தால், பாதுகாப்புச் சான்றிதழ்களை ஏற்க மறுத்து உலாவி எல்லாத் தளங்களையும் தடுக்கும்.

விண்டோஸ் ‘இணையம் இல்லை’ என்று சொல்வதை அப்படியே நம்பிவிடவும் வேண்டாம். மைக்ரோசாஃப்டின் சேவையகத்திலிருந்து ஒரு சிறு உரைக்கோப்பை எடுத்துப் பார்த்தே அது அந்த முடிவுக்கு வருகிறது. விபிஎன்னோ விளம்பரத் தடுப்போ அந்த முகவரியை மறித்தால், இணையம் நன்றாக வந்துகொண்டிருக்கும்போதே இல்லை என்று சொல்லும். தளங்கள் திறந்தால் அந்தக் குறியைப் பொருட்படுத்தத் தேவையில்லை.

கடைசியாகச் செய்ய வேண்டியவை

இவ்வளவுக்கும் மசியாவிட்டால்தான் மீட்டமைத்தல். விண்டோஸில் நெட்வொர்க் பிரிவின் மேம்பட்ட அமைப்புகளில் ‘நெட்வொர்க் மீட்டமை’ என்பது இருக்கிறது. அது சேமித்த வைஃபை கடவுச்சொற்களை அழித்து அடாப்டர்களை மறுபடி நிறுவும். விபிஎன் மென்பொருளை மீண்டும் நிறுவ வேண்டிவரலாம். போனிலும் இதே போன்ற மீட்டமைப்பு உண்டு. அதில் வைஃபை கடவுச்சொற்களோடு புளூடூத் இணைப்புகளும் போய்விடும். தேவையான கடவுச்சொற்களைக் குறித்துவைத்துக்கொண்ட பிறகே இதைச் செய்யுங்கள்.

இணையம் வந்தவுடன், ஹாட்ஸ்பாட்டின் பண்புகள் பக்கத்தில் ‘அளவிடப்பட்ட இணைப்பு’ என்பதை இயக்கிவிடுங்கள். இல்லாவிட்டால் விண்டோஸ் புதுப்பிப்பு பின்னணியில் ஜிபி கணக்கில் இறக்கி, மீண்டும் 64 கேபிபிஎஸ்ஸில் கொண்டுபோய் நிறுத்திவிடும்.

பழுது சிம் பக்கத்தில்தான் என்று தெரிந்துவிட்டால், அந்தச் சிம்மை வேறொரு போனில் போட்டு ஹாட்ஸ்பாட்டைச் சோதியுங்கள். அதிலும் வராவிட்டால் அந்த எண்ணிலிருந்தே 198-ஐ அழைத்துப் புகார் செய்யலாம். வேறு போனிலும் சோதித்தாயிற்று, ஏபிஎன்னை மீட்டமைத்தாயிற்று, அன்றைய டேட்டா மீதி இருக்கிறது என்ற மூன்றையும் தொடக்கத்திலேயே சொல்லிவிட்டுப் புகார் எண்ணைக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். போனை அணைத்துப் போடச் சொல்லி அழைப்பை முடித்துவிட அவர்களுக்கு அப்போது இடம் இருக்காது.