4 ஜிபி பக்கத்துல 8 ஜிபி போடலாமா? லேப்டாப் ரேம் ஏத்தற முறை

போடலாம். "ரெண்டும் ஒரே சைஸா இருந்தாத்தான் வேலை செய்யும்"னு யாரோ சொன்னத நம்பி ஆறு மாசம் வெறும் 4 ஜிபிலயே ஓட்டினேன், ப்ரவுசர்ல பத்து டேப் தொறந்தா மவுஸ் அம்புக்குறி கூட யோசிச்சு யோசிச்சுத்தான் நகரும். இப்போ 4+8, மொத்தம் 12, ஒரு தொந்தரவும் இல்ல.

வாங்கறதுக்கு முன்னாடி டாஸ்க் மேனேஜர்ல பெர்ஃபார்மன்ஸ், அதுல மெமரி பாருங்க. எத்தன ஸ்லாட், எவ்வளவு ஸ்பீடுனு அங்கயே இருக்கும். ரேம் போர்டுலயே சால்டர் பண்ணி காலி ஸ்லாட்டும் இல்லன்னா, அவ்வளவுதான், இதுக்கு மேல படிக்க வேணாம்.

சைஸ் மாறலாம், தலைமுறை (டிடிஆர்3, டிடிஆர்4, டிடிஆர்5னு ரேம்ல வர்றது) மாறக்கூடாது. டிடிஆர்3க்கு 204 பின், டிடிஆர்4க்கு 260, டிடிஆர்5க்கு 262, நடுவுல இருக்கற வெட்டும் இடம் மாறியிருக்கும், அதனால மாத்தி உக்காராது. டிடிஆர்3லதான் ஒரு வில்லங்கம்: 1.5 வோல்ட்டும் 1.35 வோல்ட் டிடிஆர்3எல்லும் ஒரே ஸ்லாட்ல ஜம்முனு உக்காரும், ஆனா 1.35 மட்டும் ஏத்துக்கற லேப்டாப்ல 1.5 போட்டா பூட் ஆகாம மக்கர் பண்ணும். ஸ்டிக்கர்ல பாத்து வாங்குங்க. ஸ்பீடுக்காக அதிக காசு கொடுக்காதீங்க, 2400 பக்கத்துல 3200 போட்டாலும் ரெண்டும் 2400லதான் ஓடும்.

ட்யூவல் சேனல் (ரெண்டு ரேமும் ஒரே நேரத்துல டேட்டா அனுப்பறது) போயிடுமேன்னு கவலையா? முழுசா போகாது. 4+8ல, 4க்கு 4 ஜோடியா ட்யூவல் சேனல்ல ஓடும், மிச்ச 4 மட்டும் சிங்கிள். இன்டெல் இதுக்கு ஃப்ளெக்ஸ் மோடுனு பேர் வச்சிருக்கு. தனி கிராஃபிக்ஸ் கார்டு இல்லாம கேம் ஆடறவங்களுக்கு கொஞ்சம் வித்தியாசம் தெரியலாம், எனக்கு தெரியல.

ஷட்டவுன் பண்ணி சார்ஜர கழட்டுங்க, மூடிய தொறங்க (ரப்பர் காலுக்கு அடியிலயும் ஸ்க்ரூ ஒளிஞ்சிருக்கும், நெம்பறதுக்கு ஸ்க்ரூட்ரைவர் வேணாம், பழைய பிளாஸ்டிக் கார்டு போதும்), பேட்டரி கனெக்டர உருவுங்க, பவர் பட்டன 15 செகண்ட் அழுத்திப் பிடிங்க.

இனிமேதான் நான் மாட்டிக்கிட்ட இடம். ரேம சாய்ச்சு, கிட்டத்தட்ட 30 டிகிரில, உள்ள தள்ளணும். நான் லேசா நுழைச்சு கீழ அமுக்கினேன், ரெண்டு பக்க கிளிப்பும் டிக்னு பிடிச்சுது, சரியா உக்காந்துடுச்சுனு நெனச்சு மூடிட்டேன். ஆன் பண்ணா கருப்பு ஸ்கிரீன், ஃபேன் மட்டும் சுத்துது. ரேம் செத்துப்போச்சுனு திருப்பி அனுப்பவே பேக் பண்ணிட்டேன், அப்பறம் சும்மா இன்னொரு தடவ போட்டு பாக்கலாம்னு டார்ச் அடிச்சா, பழைய ரேம்ல ஸ்லாட்டுக்குள்ள போற ஓரத்து தங்கப்பட்டை கண்ணுக்கே தெரியல, புதுசுல ஒரு மில்லிமீட்டர் வெளிய நிக்குது! கிளிப் பிடிச்சா போதாது, பட்டை மறையணும். சாய்ச்ச நிலையிலயே ரெண்டு கட்டைவிரலாலயும் ஓரத்துல சமமா தள்ளுங்க, அப்பறமா கீழ அமுக்குங்க.

எல்லாம் சரியா இருந்தும் மொத தடவ ஸ்கிரீன் வர நேரமாகலாம், புது ரேமோட டைமிங்க லேப்டாப் கத்துக்குது, டிடிஆர்5ல இது இன்னும் நீளும். பதறி பவர் பட்டன அமுக்காதீங்க.

ரேம்ல கோளாறு இருக்கானு டெஸ்ட் பண்ண மெம்டெஸ்ட்86ங்கற சாஃப்ட்வேர்தான் என் சாய்ஸ், யுஎஸ்பில போட்டு ராத்திரி ஓட விட்டுடுவேன். விண்டோஸோட வர்ற டெஸ்ட நான் அவ்வளவா நம்பறதில்ல.

அப்டேட்: சிபியு-இசட்ல (ரேம் விவரம் காட்டற சாஃப்ட்வேர்) 1200தான் காட்டுது, ஏமாத்திட்டாங்களானு நெறைய பேர் கேட்டுட்டீங்க. இல்ல. அது நிஜ கிளாக், ஒரு கிளாக்குக்கு ரெண்டு தடவ டேட்டா போறதால ரெண்டால பெருக்கிக்கோங்க, 2400. 12 போட்டும் முழுசா 12 யூஸபிள்னு காட்டலன்னா, கொறையறத பெரும்பாலும் உள்ளயே இருக்கற கிராஃபிக்ஸ் எடுத்து வச்சிருக்கும். ஆனா மொத்தமே பழைய 4னு காட்டினா மூடிய திரும்ப தொறந்து தங்கப்பட்டைய பாருங்க.