நிறுவும் படிகளை ஸ்கிரிப்டாக்கி விடுங்கள்

நீங்கள் நடத்தும் கட்டற்ற மென்பொருள் திட்டத்தில் பங்களிக்க வருபவர் முதலில் தேடுவது பங்களிப்பாளர் வழிகாட்டியைத்தான். அதன் முதல் கட்டளையே பிழை காட்டினால், பலர் எதுவும் கேட்காமல் போய்விடுவார்கள். ஆர்வத்தோடு வந்தவரை இப்படி இழப்பது எனக்கு மிகவும் வருத்தம் தரும்.

2020 அக்டோபரில், நிரல்களைச் சேமித்துப் பகிரும் தளமான கிட்ஹப், புதிய களஞ்சியங்களில் (திட்டக் கோப்புகளின் தொகுப்புகளில்) முதன்மைக் கிளையின் இயல்பான பெயரை மாஸ்டரிலிருந்து மெயினாக மாற்றியது. அதைப் பார்த்து நீங்களும் பெயரை மாற்றியிருந்தால், வழிகாட்டியில் பழைய பெயரில் கிளையைத் திறக்கும் ‘கிட் செக்அவுட் மாஸ்டர்’ கட்டளை இன்னும் இருக்கிறதா என்று இப்போதே தேடிப் பாருங்கள்.

நிறுவும் படிகளை ஒரு ஸ்கிரிப்டாக, அதாவது கட்டளைகளை வரிசையாகத் தானே ஓட்டும் கோப்பாக எழுதி, வழிகாட்டியில் அதை மட்டும் சுட்டுங்கள். கிட்ஹப் ஆக்‌ஷன்ஸ் என்ற தானியக்கச் சேவை மூலம் வாரம் ஒருமுறை வெறும் உபுண்டு கன்டெய்னரில் (கூடுதலாக எதுவும் நிறுவாத, தனித்த லினக்ஸ் சூழலில்) அதை ஓடவிடுங்கள். பைத்தான் பதிப்பு மாறி ஏதாவது உடைந்தால், புதியவருக்கு முன்பே உங்களுக்குத் தெரிந்துவிடும். உங்கள் கணினியில் சோதித்தால் போதாது. தேவையானதெல்லாம் அதில் ஏற்கெனவே இருக்கும். பொதுக் களஞ்சியத்தில் 60 நாள் எந்த அசைவும் இல்லையென்றால் இந்த வாராந்திர ஓட்டத்தை கிட்ஹப் நிறுத்திவிடும், அதையும் கவனியுங்கள்.

அப்புறம், யாராவது ஒரு படியில் தடுமாறினால், பதில் சொன்ன கையோடு அந்த வரியை அவரையே திருத்தி அனுப்பச் சொல்லுங்கள். அவருடைய முதல் பங்களிப்பு அதுவாகவே இருக்கட்டும்.