அப்பா அம்மாவுக்கு ஒரு சின்ன கம்ப்யூட்டர்

பாலக்கோட்டில் அப்பா அம்மாவுக்குக் கிடைத்த இடம் டிவி ஸ்டாண்டை ஒட்டிய சின்ன மேசைதான். அதனால் அஸ்ராக் டெஸ்க்மினி எக்ஸ்300 என்ற குட்டி கம்ப்யூட்டர் கிட் எடுத்தேன். பெட்டி, மதர்போர்டு, அடாப்டர் எல்லாம் சேர்ந்தே வரும். மொத்த அளவு 2 லிட்டருக்கும் குறைவு. உள்ளே ரைசன் 5 5600ஜி பிராசஸர். கிராபிக்ஸ் அதிலேயே இருப்பதால் தனி கார்டு வேண்டாம். ராம் மட்டும் லேப்டாப் வகை. 16 ஜிபி ஒரே ஸ்டிக்காக வேண்டாம், இரண்டு 8 ஜிபியாகப் போடுங்கள். உள் கிராபிக்ஸ் இந்த ராமைத்தான் பங்கு போட்டுக்கொள்கிறது, இரண்டு ஸ்டிக் சேர்ந்து ஓடினால் டேட்டா வேகமாகப் போய்வரும், வித்தியாசம் நன்றாகவே தெரியும்.

எல்லாம் சரியாக ஓடியது. ஆனால் அப்பா தக்காளி விலை பார்த்துக்கொண்டிருக்கும்போது திடீரென்று திரை கருத்து, மறுபடி முதலிலிருந்து ஆன் ஆகும். ராமைக் கழற்றி மாட்டினேன், சூட்டையும் பார்த்தேன், இரண்டிலும் குறையில்லை. அப்புறம் அம்மாதான் சொன்னார்: "போர் மோட்டார் போடுறப்பதான்டா இப்படி ஆகுது." அதேதான். மோட்டார் கிளம்பும் அந்த நொடியில் வோல்டேஜ் இறங்கி டியூப்லைட்டும் ஒருமுறை மங்கியது.

லைன் இன்டராக்டிவ் 600 விஏ யுபிஎஸ் ஒன்று வைத்தேன். வோல்டேஜ் இறங்கினால் தானே ஏற்றிக் கொடுக்கும், ரொம்ப இறங்கினால் பேட்டரிக்கு மாறிவிடும். இப்போது மோட்டார் ஓடினாலும் திரை அசைவதில்லை. கிராமத்து வீட்டுக்கு வாங்குபவர்கள் யுபிஎஸ் காசை முதலிலேயே பட்ஜெட்டில் ஒதுக்கிவிடுங்கள், பிராசஸரில் ஒரு படி குறைத்தாவது.