கல்யாணத் தயாரிப்பு: நம்ம ராமநாதபுரம் கடற்கரைக் கத்தோலிக்கப் பங்குகளில் திரும்பத் திரும்ப நடக்கிற தவறுகள்

மண்டபம் பிடித்து, பத்திரிகை அடித்து, செட்டுக்காரருக்கு அட்வான்ஸும் கொடுத்துவிட்டு, அப்புறம்தான் நம் ஆட்கள் பங்குச் சாமியாரை, அதாவது ஊர்க் கோயில் ஃபாதரைப் பார்க்கப் போகிறார்கள். பாம்பன், தங்கச்சிமடம், வேர்க்கோடு, மூக்கையூர் என்று எந்தப் பங்கை எடுத்தாலும் பெரும்பாலும் இதே கதைதான். ஃபாதர் ஞானஸ்நானச் சான்று கேட்பார். வீட்டில் லேமினேஷன் போட்டு வைத்திருக்கும் பழைய காப்பி உதவாது, பொதுவாக ஆறு மாதத்துக்குள் எடுத்த புதிய சான்றைத்தான் கேட்பார்கள், ஏனென்றால் ஒருவருக்கு ஏற்கெனவே கல்யாணம் நடந்திருந்தால் அது ஞானஸ்நானப் பதிவேட்டில் அவர் பெயருக்குப் பக்கத்திலேயே ஏறியிருக்கும். அதற்குமேல் மூன்று ஞாயிறு ஓலை, அதாவது கல்யாண அறிவிப்பு, கோயிலில் வாசிக்க வேண்டும், தயாரிப்பு வகுப்புக்கும் போக வேண்டும். நாள் இல்லை. "பார்த்துச் செய்யுங்க ஃபாதர்" என்று கெஞ்சல் ஆரம்பிக்கும், வகுப்பு என்பது சீல் குத்திக்கொண்டு வரும் இடமாகிவிடும். தேதி குறிப்பதற்கு முன்னால், மூன்று நான்கு மாதம் கையில் இருக்கும்போதே போய்விடுங்கள்.

இதைவிடப் பெரிய சிக்கல் முறைப்பெண் விஷயம். மாமன் மகளைக் கட்டுவதில் என்ன தடை, காலங்காலமாக நடப்பதுதானே என்பார்கள். ஊர் முறை வேறு, திருச்சபைச் சட்டம் வேறு. பையன், அவன் அம்மா, அம்மாவின் தம்பி, தம்பி மகள் என்று நடுவில் இருக்கும் தாத்தாவை விட்டுவிட்டு எண்ணினால் நாலு பேர், அதாவது நான்காம் நிலை இரத்த உறவு. அந்த நான்காம் நிலை வரைக்கும் தடை உண்டு. ஆயர் (பிஷப்) விதிவிலக்கு கொடுத்தால் கட்டலாம், கொடுக்காமல் நடந்தால் பூசை வைத்துத் தாலி கட்டியிருந்தாலும் திருச்சபைக் கணக்கில் அது செல்லாத திருமணம். அக்கா மகள் என்றால் மூன்றாம் நிலை, அதற்கு அனுமதி லேசில் கிடைக்காது. நம் மாவட்டம் சிவகங்கை மறைமாவட்டத்தில், அதாவது சிவகங்கை ஆயரின் ஆளுகையில் சேர்ந்தது, எனவே மனு ராமேஸ்வரம் தீவிலிருந்து சிவகங்கைக்குப் போய்த் திரும்ப வேண்டும். இரண்டு வாரத்தில் கல்யாணத்தை வைத்துக்கொண்டு இதைச் செய்ய முடியாது. சிலர் வேறு வேறு ஊர்ப் பங்கு என்பதால் உறவையே சொல்லாமல் விட்டுவிடுகிறார்கள். ஓலை வாசிப்பதே இந்த மாதிரித் தடைகளைக் கண்டுபிடிக்கத்தான்.

சின்ன வயதிலேயே பேசி வைத்த சம்பந்தத்தில் இன்னொன்றும் கவனிக்க வேண்டும். பயமுறுத்தியோ வற்புறுத்தியோ வாங்கிய சம்மதம் செல்லாது. அதனால்தான் கல்யாணத்துக்கு முன் பையனையும் பெண்ணையும் தனித்தனியாக விசாரிக்கிறார்கள். அங்கேயும் அம்மாக்காரி கூடவே போய் உட்கார்ந்து, "உனக்குச் சம்மதமாம்மா?" என்று ஃபாதர் கேட்டால் "அவளுக்குப் பூரண சம்மதம் சாமி" என்று பதில் சொல்வதைப் பார்க்கலாம். எழுந்து வெளியே வாருங்கள், தயவுசெய்து.

வேற்று மதத்தில் கட்டுகிறவர்கள் வீட்டில், வருகிற பெண்ணோ பையனோ ஞானஸ்நானம் வாங்கியே ஆக வேண்டும் என்று ஒற்றைக்காலில் நிற்கிறார்கள். இந்து, இஸ்லாமியர், கிறிஸ்தவர் அடுத்தடுத்த தெருவில் வாழும் நம் ஊரில் இது வீண் சண்டை. ஆயரின் விதிவிலக்கோடு அவரவர் மதத்திலேயே இருந்து கட்டலாம். விசுவாசத்தை விடமாட்டேன், பிள்ளைகளைக் கத்தோலிக்கராக வளர்க்க என்னால் ஆனதைச் செய்வேன் என்று வாக்குக் கொடுக்க வேண்டியவர் கத்தோலிக்கர்தான். மற்றவருக்கு அந்த வாக்குறுதியைத் தெரியப்படுத்தினால் போதும்.

வகுப்பு நடத்துகிறவர்களையும் சொல்ல வேண்டும். ராமேஸ்வரம் விசைப்படகுகள் போவது திங்கள், புதன், சனி. சனிக்கிழமை மீன்துறையின் அனுமதி டோக்கன் வாங்கிக் கடலுக்குப் போனவன் ஞாயிறு காலைதான் கரை ஏறுவான். நாம் வகுப்பு வைப்பதோ சனியும் ஞாயிறும்! பையன் ஒன்று வரமாட்டான், அல்லது வந்து தூங்குவான். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலத்தில் விசைப்படகுக்காரர்கள் கரையில்தான் இருக்கிறார்கள், அப்போது வைத்தால் என்ன?

வகுப்பில் மனித உயிரைப் பற்றிப் பேசும்போது கருக்கலைப்பு பாவம் என்று பத்து நிமிடம் முழங்கிவிட்டு முடித்துவிடுவதும் சரியில்லை. சபை அப்படித்தான் போதிக்கிறது, அதில் மாற்றமில்லை. ஆனால் திருத்தந்தை (போப்) ஆறாம் பவுல் 1968-இல் எழுதிய 'ஹுமானே வீத்தே' சுற்றுமடலிலேயே பொறுப்புள்ள பெற்றோராக இருப்பது பற்றி இருக்கிறது, தகுந்த காரணம் இருந்தால் கருத்தரிக்காத நாட்களைப் பயன்படுத்திப் பிள்ளைப்பேற்றைத் தள்ளிப்போடலாம் என்றும் இருக்கிறது. எத்தனை வந்தாலும் பெற்றுக்கொள் என்று சபை சொல்வதாக நம் ஜனங்கள் நினைத்துக்கொண்டிருப்பது நாம் ஒழுங்காகச் சொல்லிக்கொடுக்காததால்தான். இயற்கை முறை என்றால் காலண்டரில் நாள் எண்ணுவது மட்டும் என்று நினைப்பதும் அப்படித்தான். இயற்கை முறைகளில் ஒன்றான பில்லிங்ஸ் முறையில் பெண் தன் உடலில் தெரியும் அறிகுறியைத் தினமும் கவனித்துக் குறித்துவைக்க வேண்டும். அதைப் பயிற்சி பெற்றவர்தான் கற்றுத்தர முடியும், கணவனும் பக்கத்தில் உட்கார்ந்து கேட்க வேண்டும்.

பிள்ளை இல்லாதவர்கள் பாடு தனி. மூன்றாம் மாதமே "விசேஷம் உண்டா?" என்று கோயில் வாசலில் நிறுத்திக் கேட்பது, அப்புறம் மனைவியிடம்தான் குறை என்று முடிவுகட்டுவது. மலட்டுத்தன்மை திருமணத்துக்குத் தடையும் இல்லை, அதைச் செல்லாததாக்குவதும் இல்லை என்று திருச்சபைச் சட்டம் நேராகவே சொல்கிறது. இதை மாமியார்களைக் கூட்டிவைத்துச் சொல்ல வேண்டும்.

அடுத்தது எனக்குக் கோபமே வருகிற விஷயம். குடித்துவிட்டு வந்து அடிக்கிற புருஷனிடம் திரும்பப் போகச் சொல்லி, "உன் சிலுவையைச் சும" என்று அனுப்பிவைப்பது. திருமணம் முறிக்க முடியாதது என்பது இதற்கு அர்த்தம் இல்லை. மனைவிக்கோ பிள்ளைகளுக்கோ பெரிய ஆபத்து இருந்தால் பிரிந்து வாழச் சபைச் சட்டமே இடம் கொடுக்கிறது. 2005-ஆம் ஆண்டின் குடும்ப வன்முறைச் சட்டம் இருக்கிறது, பெண்கள் உதவிக்கு 181 என்ற எண் இருக்கிறது. குடும்பத்தைக் காப்பாற்றுகிறோம் என்று சொல்லி அந்தப் பெண்ணை அடிவாங்க அனுப்புகிறவர்கள் எதைக் காப்பாற்றுகிறார்கள்?

தயாரிப்பு என்பது அந்த இரண்டு நாளோடு முடிகிற காரியமும் அல்ல. திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுல் 1981-இலேயே இதை மூன்று கட்டமாகப் பிரித்தார், முதல் கட்டம் தொடங்குவது சின்னப் பிள்ளையாக இருக்கும்போது, வீட்டில். ஞாயிறு மறைக்கல்விக்கு அனுப்பிவிட்டோம், சிஸ்டர் பார்த்துக்கொள்வார் என்று விட்டுவிட்டு, வீட்டில் அப்பா, அம்மாவை வாடி போடி என்று ஏசுவதைப் பிள்ளை தினமும் கேட்டு வளர்ந்தால் எந்த வகுப்பு அதை மாற்றும்?

கல்யாணத்துக்குப் பிறகும் துணை நிற்பது பங்கின் கடமை என்று திருச்சபைச் சட்டத்திலேயே இருக்கிறது. நம் அன்பியங்கள், அதாவது பங்கிலுள்ள சின்னச் சின்னக் குடும்பக் குழுக்கள், புதுத் தம்பதி வீட்டுக்குப் போவது பெரும்பாலும் கோயில் வரி வாங்கத்தான். புருஷன் இலங்கைக் கடற்படையிடம் பிடிபட்டுச் சிறையில் இருக்கும்போது, கைப்பிள்ளையோடு தனியாக இருக்கிறவள் வீட்டுக்கு ஜெபமாலை சொல்லப் போகிறவர்கள், அரிசி பருப்பு இருக்கிறதா, பிள்ளைக்குத் தடுப்பூசி போட்டாச்சா, படகு ஓனர் ஏதாவது கொடுத்தாரா என்றும் கேட்டுவிட்டு வரலாம்.